மழைக்காலத்துல யார் சமைப்பா?

மரக்காணம் உப்பளத்துக்கு சோலார் புதுசு இல்ல. பாத்தியில உப்புத்தண்ணி கட்டி, வெயில்ல காயவச்சுத்தான் உப்பு வாருறாங்க. வடகிழக்குப் பருவமழை இறங்கினா வேலை நின்னுடும்.

தெற்கே ஆரோவில்ல, 1997-ல தொடங்கின சூரிய சமையலறை அப்படி நிக்க முடியாது, மழையிலயும் பசிக்குமே! கூரைமேல 15 மீட்டர் விட்டத்துல ஒரு கண்ணாடிக் கிண்ணம். அது அசையாது, வெயில் குவியற இடத்துக்குக் கொதிகுழாய்தான் நகரும். அந்த நீராவியில சமையல். மேகம் மூடினா? கூடவே டீசல் பாய்லர் இருக்கு.

அது புதுக் கட்டடம். பழைய கட்டடத்துக்கு சோலார் மாத்துறவங்களுக்கும் இதே பாடம்தான்: எத்தனை பேனல்னு கணக்குப் போடுறதுக்கு முன்னாடி, வெயிலில்லாத நாள்ல எது ஓடும்னு முடிவு பண்ணுங்க. பழைய மெஷினைக் கழட்டுறது கடைசி வேலை.