லாரி இன்வெர்ட்டர்

லாரி பேட்டரியின் 24 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டுச் சாதனங்களுக்குரிய 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக ஆக்கித் தருவது லாரி இன்வெர்ட்டர். முதலில் இவ்வேலையைச் சுழல் எந்திரங்கள் செய்தன. நேர்மின் மோட்டார் மாறுமின் ஜெனரேட்டரைச் சுற்றியது. 1925-இல் அமெரிக்கப் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் இன்வெர்ட்டர் பற்றிக் கட்டுரை எழுதியபோது, மின்னணுக் குழாய்கள் அந்த இடத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. 1957-இல் தைரிஸ்டர் என்னும் குறைக்கடத்திச் சுவிட்ச் உருவானது; பின்னர் வந்த மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் கருவியை இருக்கைக்கு அடியில் அடங்கும் அளவுக்குச் சுருக்கின. அலையின் வடிவத்தைக் கொண்டு சதுர அலை, திருத்திய சைன் அலை, தூய சைன் அலை என இது மூவகைப்படும். திருத்திய சைன் அலை விலை குறைவு என்பது உண்மையே. ஆனால் அதில் மின்விசிறி இரையும், மோட்டார் சூடேறும்; மிச்சமான பணம் பழுதுபார்ப்பில் போய்விடும். ஆகவே லாரிக்குத் தூய சைன் அலையே ஏற்றது.

வாங்குபவர்கள் பெட்டியில் அச்சிட்ட வாட் அளவையே பார்க்கிறார்கள். உண்மையில் எல்லையை வகுப்பது பேட்டரி. 1000 வாட் சாதனம் ஓடினால், இழப்பையும் சேர்த்து, 24 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 47 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். ஈய அமில பேட்டரியை அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். மின்னழுத்தம் குறைந்தால் இன்வெர்ட்டரே நின்றுவிடுமே எனலாம். ஆனால் பல கருவிகள் 21 வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. அந்நிலையில் ஸ்டார்ட்டர் சுழலாது. எஞ்சினை ஓடவிட்டால் சார்ஜ் ஏறும் என்பதும் அரை உண்மைதான்: ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழுத்திறன் தராது, டீசல் மட்டும் வீணாகும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இன்வெர்ட்டருக்கு இணைப்பு எடுப்பது இன்னும் தவறு; அந்த பேட்டரி வற்ற, மற்றது மிகைச் சார்ஜில் கெடும். குளிர்பெட்டி போன்ற மோட்டார் சாதனங்கள் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுப்பதால், இன்வெர்ட்டரின் உச்சத் திறனையும் பார்க்க வேண்டும். தடித்த கேபிளும், பேட்டரிக்கு அருகே ஃபியூஸும் கட்டாயம்.

இந்தியாவில் 1-10-2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். எனவே அவற்றில் ஏசிக்காக இன்வெர்ட்டரை நம்ப வேண்டியதில்லை; மின்விசிறி, லேப்டாப், செல்போன் சார்ஜருக்கு 300 வாட் தூய சைன் அலை இன்வெர்ட்டர் போதும். அதற்கு மேல் வேண்டுவோர், பெரிய இன்வெர்ட்டருக்கு முன் தனி பேட்டரித் தொகுதி வாங்குவதே முறை.