ஒரே பால்மரம், வேறு வேறு கூலி

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1994-ஆம் ஆண்டு நூறே நாள்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஒரே மொழி பேசிய மக்கள் ஹூட்டு, டுட்சி என்று எதிரெதிரே நின்றதற்கு, 1930-களில் பெல்ஜிய ஆட்சி வழங்கிய இன அடையாள அட்டையும் ஒரு காரணம். மலாயாவில் வெள்ளையர்களுக்கு அப்படி ஓர் அட்டை தேவைப்படவில்லை. தோட்டத்துச் சம்பளப் புத்தகமே அந்த வேலையைச் செய்தது.

நெகிரி செம்பிலானில் லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் என ரப்பர் பரவிய இடங்களில் எல்லாம் அடுக்கு ஒன்றுதான். பங்களாவில் வெள்ளைக்காரத் துரை. ஆபீசில் பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத்துக் கிராணி. பெரட்டுக் களத்தில் தமிழரும் தெலுங்கரும். தென்னிந்தியரைக் கப்பலேற்றி வரவே 1907-ல் தனி நிதி உருவானது. சீனர்கள் குத்தகைக்காரர்கள் மூலம் வந்தார்கள். அவர்களுக்குக் கூலிக் கணக்கே வேறு. 1913-ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் மலாய்க்காரர்களின் நிலத்தைக் காத்தது. கூடவே அவர்களைக் கிராமத்தோடு நிறுத்தியும் வைத்தது.

விளைவு என்ன? 1937 மார்ச்சில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சீனத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த சீனிவாச சாஸ்திரியின் அறிக்கையோ, இந்திய ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாள் கூலியைத் திரும்பக் கொடுத்தால் போதும் என்றது. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் இந்தியர்கள் போராடியபோது துப்பாக்கிதான் பேசியது. வயிற்றுப்பாடு ஒன்று, போராட்டம் மட்டும் தனித்தனி.

போருக்குப் பின் ஒரு மாற்றம் வந்தது. 1946-ல் பி.பி. நாராயணன் முன்னின்று நடத்திய அமைப்பின் பெயர் 'நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம்'. 1954-ல் பல சங்கங்கள் இணைந்து, அவரைப் பொதுச்செயலாளராகக் கொண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பெயரில் இனம் இல்லை; தொழில் மட்டுமே இருந்தது.

ஆனாலும் பழைய கோடு அழிந்துவிடவில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டையோடு பால் வெட்டியவர்கள் பலர், பிள்ளை குட்டிகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வேலை செய்கிறார்கள். தனி ஏஜெண்டு, தனி பெர்மிட். அவர்களை 'அந்நியர்' என்று ஒதுக்கும் முன், தாத்தாவின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது என்பதைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நல்லது.