கோடு இலவசம், பேரு இலவசம் இல்லை: ஒரு பூனையின் கதை

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ராத்திரி 9:30-க்கு திருநெல்வேலி பஸ். கிளம்புவதற்கு முன்னால் சின்னதாக ஒரு ஆணி. 2012-ல் யாரோ எழுதிவைத்த ஜாவா அப்ளிகேஷன் ஒன்றைப் பழைய பொட்டியிலிருந்து புதுப் பொட்டிக்கு மாற்ற வேண்டும். எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த லீவ் அப்ளிகேஷன் மட்டும் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

டாம்கேட் நிறுவுவது என்ன பெரிய வித்தை? காலேஜ் லேபிலேயே செய்ததுதான். ஸிப் ஃபைலை இறக்கு, பிரி, ஜாவா எங்கே இருக்கிறது என்று ஜாவா_ஹோமில் சொல்லு, பின் ஃபோல்டரில் ஸ்டார்ட்அப்பைத் தட்டு. பிரவுசரில் 8080 போட்டால் மஞ்சள் பூனை வந்து நிற்கும். அப்புறம் வார் ஃபைலை வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால் அதுவாகவே பிரித்துக்கொள்ளும். மொத்தம் பத்து நிமிஷம்.

பூனை வந்தது. அப்ளிகேஷன் வரவில்லை. லாகைத் திறந்தால், 'ஜாவாக்ஸ் சர்வ்லெட்' என்ற கிளாஸையே காணோமாம்! சர்வ்லெட் ஓட்டுவதற்கென்றே பிறந்த சர்வர், சர்வ்லெட்டைத் தெரியாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? இட்லிக்கடையில் போய் "இட்லின்னா என்னங்க?" என்று கேட்ட மாதிரி.

சரி, சர்வரில் ஏதோ கோளாறு என்று மறுபடி இறக்கினேன், மறுபடி பிரித்தேன். அதே எரர். ஒரு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. நான் போட்டது டாம்கேட் 10. அதில் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் சர்வ்லெட் பெயர்கள் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டன. கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, சோர்ஸ் கோடில் எல்லா ஜாவாக்ஸையும் ஒரே அமுக்கில் ஜகார்த்தா ஆக்கினேன். இப்போது டேட்டாபேஸ் போனது. ஏனென்றால் ஜாவாக்ஸ்-எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்-நேமிங் எல்லாம் ஜாவாவோடு வருபவை, அவை பெயர் மாறவில்லை. இந்தக் கூத்து முடிவதற்குள் பஸ் போய்விட்டது.

நிற்க. அந்த வயிற்றெரிச்சலில் அன்று ராத்திரி உட்கார்ந்து, ஒரு பெயரை மாற்ற வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அது என் கோளாறைவிட ரொம்பப் பெரிய கதை. இருபது வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஒரு மீட்டிங் ரூம்

1990-களின் கடைசி. ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், வலைத்தளங்களுக்காக சர்வ்லெட் என்ற ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அதன் விதிமுறைகள் ஒரு பக்கம். அந்த விதிகளின்படி ஓடும் மாதிரி சர்வர் இன்னொரு பக்கம். அந்த மாதிரி சர்வரை எழுதியவர் சன்னில் வேலை பார்த்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். அதே நேரத்தில் அப்பாச்சி ஆட்களும் ஜேசர்வ் என்ற பெயரில் தாங்களே ஒன்று வைத்திருந்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு சர்வர் எதற்கு? டேவிட்சன் தன் கோடை அப்பாச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சன்னுக்குள்ளேயே மல்லுக்கட்டி, கடைசியில் ஜெயித்தார். 1999-ல் கோடு அப்பாச்சிக்குப் போனது. அப்பாச்சியிடமிருந்து வந்த முதல் வெளியீட்டின் எண்ணே 3.0.

பெயர் வைத்த கதை சுவாரஸ்யம். ஓரெய்லி புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள், அட்டையில் ஏதாவது ஒரு மிருகம் இருக்கும். தன் சாஃப்ட்வேருக்கும் ஒரு நாள் அப்படிப் புத்தகம் வரும் என்று நம்பி, மிருகத்தின் பெயரே வைக்க நினைத்தார் டேவிட்சன். தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் பிராணி எது? ஆண்பூனை. அதுதான் டாம்கேட். 2003-ல் ஓரெய்லி புத்தகமும் வந்தது, ஆனால் அட்டையில் பனிச்சிறுத்தை! பூனை அட்டையை ஏற்கெனவே வேறு புத்தகம் பிடித்துவிட்டதாம். (பாவம் மனுஷன்.)

டாம்கேட் மாதிரி ஜாவா சாமான்களை எல்லாம் ஒரு கூரையின் கீழ் வைக்க அப்பாச்சி ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு என்ன பெயர் தெரியுமா? ஜகார்த்தா. ஜாவா தீவில் இருக்கும் ஊர் என்பதால் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நிஜக் காரணம் அதைவிடச் சப்பை. சன் அலுவலகத்தில் இந்தப் பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் நடந்த மீட்டிங் ரூமின் பெயர் ஜகார்த்தா. அவ்வளவுதான்.

இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

பெயருக்கு வந்த வக்கீல்

அன்றைக்கு அப்ளிகேஷன் சர்வர் என்றால் வெப்லாஜிக், வெப்ஸ்ஃபியர் மாதிரியான பெரிய இடத்துப் பிள்ளைகள். ஒரு சிபியுவுக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று லைசென்ஸ். டாம்கேட் அந்தப் போட்டிக்கே முழுசாக வரவில்லை, அதனிடம் சர்வ்லெட்டும் ஜேஎஸ்பியும்தான் இருந்தன. இஜேபி போன்ற கனரகச் சமாச்சாரங்கள் கிடையாது.

அந்த இடத்தைப் பிடிக்க வந்தவர் மார்க் ஃப்ளூரி என்ற பிரெஞ்சுக்காரர். இவரும் சன்னில் வேலை பார்த்தவர். 1999-ல் ஓப்பன் சோர்ஸாக ஒரு சர்வர் தொடங்கி அதற்கு வைத்த பெயர் இஜேபாஸ். இஜேபி என்பது எங்கள் வணிகப் பெயர் என்றது சன். ஃப்ளூரி முதல் எழுத்தைப் பிடுங்கி எறிந்தார். ஜேபாஸ் பிறந்தது! கோடில் ஒரு வரிகூட சன்னுடையது என்று யாரும் சொல்லவில்லை, பெயரில் ஒரு எழுத்துதான் பிரச்சினை. 2006-ல் ரெட் ஹேட் அந்தக் கம்பெனியைக் குறைந்தது 350 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு அவ்வளவு விலை. 2013-ல் அந்தச் சர்வருக்கு மறுபடி பெயர் மாற்றி வைல்ட்ஃப்ளை ஆக்கினார்கள். காசு கொடுத்து வாங்கும் சரக்குக்கும் இலவசமாகக் கிடைக்கும் சரக்குக்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம் என்று.

பூனை வீட்டிலும் சண்டை இல்லாமல் இல்லை. கிரெய்க் மெக்லனஹன் உள்ளிருக்கும் இயந்திரத்தை அடியோடு புதிதாக எழுதினார், பெயர் கேட்டலினா. அது 2001-ல் டாம்கேட் 4 ஆனது. பழசே போதும், சீர்திருத்தினால் சரியாகும் என்ற கோஷ்டி அதே வருஷம் 3.3-ஐ வெளியிட்டது. லாக் ஃபைலுக்கு ஏன் கேட்டலினா என்று பெயர் என லேபில் மண்டையைப் பிய்த்துக்கொண்டோமே, காரணம் இதுதான். மற்ற எல்லா மாற்றங்களையும் தாண்டி அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சொத்து கைமாறியபோது

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் முழுதாக வாங்கி முடித்தது. சன் ஓப்பன் சோர்ஸாகத் தொடங்கிய கிளாஸ்ஃபிஷ் சர்வரும் கூடவே போனது. இனி அதற்குக் காசு வாங்கிக்கொண்டு சப்போர்ட் தரும் புதுப் பதிப்பு வராது என்று 2013-ல் அறிவித்தார்கள். அப்பாச்சி நடத்திவந்த ஜகார்த்தா திட்டமும் 2011-ல் மூடப்பட்டது. உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போய்விட்டன. டாம்கேட் 2005-லேயே போயாச்சு.

2017-ல் ஆரக்கிள் ஜாவா ஈஈயையே எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடிவு செய்தது. கோடு, விதிமுறை, சோதனைகள் எல்லாம். பெயரைத் தவிர! ஜாவா என்பது ஆரக்கிளின் வணிகப் பெயர். எனவே புதுப் பெயர் தேடி ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 2018-ல் ஜெயித்த பெயர்: ஜகார்த்தா ஈஈ. சன்னின் மீட்டிங் ரூம் மறுபிறவி எடுத்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு பஸ் கிடைத்திருக்கும். ஜாவாக்ஸ் என்ற முன்னொட்டையாவது விட்டுக்கொடுங்கள் என்று நீண்ட பேச்சுவார்த்தை. ஒத்துவரவில்லை. 2019 மே மாதம் முடிவைச் சொன்னார்கள்: இருப்பதை இருக்கிறபடி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜாவாக்ஸ் பெயரின் கீழ் எதையும் மாற்றக்கூடாது. மாற்ற முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் எல்லாப் பெயரையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். டாம்கேட் 10-ம் அதன் வழியே போனது.

ஜாவாவில் பெயர் என்பது அலங்காரம் அல்ல, விலாசம். கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலுக்குள்ளும் அந்த விலாசம் அப்படியே எழுதியிருக்கும். தெருப் பெயரை மாற்றினால் பழைய கடிதம் திரும்பி வருகிற மாதிரி, 2012-ன் வார் ஃபைல் என்னிடம் திரும்பி வந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லாம் நம்முடையது என்று நினைக்கிறோம். நிலத்தை ஊருக்கு எழுதிக்கொடுத்த ஜமீன்தார், ஊர்ப் பெயரை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டால்? விதைக்கலாம், அறுக்கலாம். ஒரு நாள் போர்டை மட்டும் மாற்றச் சொல்வார். டேவிட்சன் கொடுத்த கோடு இன்றும் நம்முடையது, அதை யாரும் பிடுங்க முடியவில்லை. ஸ்பிரிங் பூட் எழுதுகிறவர்களில் பலர் தெரியாமலேயே அந்தப் பூனையை உள்ளே வைத்து ஓட்டுகிறார்கள். அதுவரை சந்தோஷம். லைசென்ஸைப் படிக்கும்போது, பெயர் யாரிடம் இருக்கிறது என்றும் ஒரு வரி பார்த்துவிடுவது நல்லது.

என்னை மாதிரி மாட்டியவர்களுக்கு: டாம்கேட் 9 பழைய பெயரிலேயே ஓடும். இல்லையென்றால் டாம்கேட் 10-ல் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி வார் ஃபைலை அதில் போடுங்கள், அதுவே பெயர் மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துவிடும். எந்தப் பெயரை மாற்ற வேண்டும், எதை மாற்றக்கூடாது என்பது அதற்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை :-)

அன்று ராத்திரி பத்து மணிக்கு அம்மா போன். "ஏல, பஸ் ஏறிட்டியா?"

"இல்லம்மா, வேலை முடியல. ஒரு பேரை மாத்திட்டாங்க, அதான் ஓடல."

"பேரு மாத்துனா கெஜட்ல போட மாட்டாங்களால?"

போட்டிருந்தார்கள் அம்மா, 2019-லேயே. நான்தான் படிக்கவில்லை.