பெரிப் பழச்சாறு குளிசைக்கு மாற்றாகுமா?

உடற்பருமனும் நீரிழிவும் உள்ள என் அக்காவுக்குக் கனடாவிலிருந்து இரண்டு போத்தல் புளூபெரிச் சாறு வந்தது. "இதைக் குடிச்சால் குளிசை தேவையில்லையாம்" என்றார். அதனால்தான் இதுபற்றித் தேடிப் படித்தேன்.

புளூபெரிக்குக் கருநீல நிறம் தருவது அந்தோசயனின். இது பொலிபீனோல் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், எடை கூடியவர்களும் வளர்சிதைமாற்றக் கோளாறு உள்ளவர்களுமான 115 பேர் பங்குபற்றினர். ஆறு மாதங்கள் நாள்தோறும் 150 கிராம் புளூபெரிக்குச் சமமான தூளை உட்கொண்டவர்களின் இரத்தக் குழாய்கள் விரியும் திறன் கூடியது. ஆனால் இன்சுலின் எதிர்ப்பு குறையவில்லை.

சாறு வேறு விடயம். பிழிந்து வடிக்கும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். சீனி விரைவாக இரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் 187,382 சுகாதாரப் பணியாளர்களின் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: புளூபெரி, திராட்சை, அப்பிள் ஆகியவற்றை முழுப்பழமாக அதிகம் உண்டவர்களிடையே நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடையே கூடுதலாகவும் காணப்பட்டது.

எங்கள் நாவற்பழத்தின் ஊதா நிறமும் அந்தோசயனின்தான். காலத்தில் கிடைக்கும்போது அளவாக, பழமாகவே சாப்பிடலாம். ஆனால் எந்தப் பழமும் குளிசைக்கு மாற்றல்ல. அதைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

அக்கா குளிசையை நிறுத்தவில்லை.