ஆஷ்லி வாக்கர்

ஆஷ்லி வாக்கர் (ஜூன் 22, 1844 – மே 26, 1927) இங்கிலாந்தைச் சேர்ந்த துடுப்பாட்டக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்காகவும் யார்க்ஷயர் அணிக்காகவும் முதல்தரத் துடுப்பாட்டம் ஆடிய இவர், பின்னர் இலங்கை சென்று கொழும்பு அக்கடமியில் ஆசிரியராகப் பணியாற்றினார். இலங்கையில் பள்ளித் துடுப்பாட்டத்தைத் தொடங்கி வைத்தவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

வாக்கர் யார்க்ஷயரிலுள்ள பிராட்போர்டில் பிறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் புனித ஜான் கல்லூரியிலும் கல்வி பயின்றார். 1864 முதல் 1866 வரை பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றார். இவரது முதல்தர ஆட்டங்கள் 1863க்கும் 1870க்கும் இடைப்பட்டவை. பெட்போர்ட்ஷயரில் காலமானார்.

கொழும்பில்

வாக்கர் வருவதற்கு முன்பே இலங்கையில் துடுப்பாட்டம் ஆடப்பட்டது. கொழும்பு துடுப்பாட்டக் கழகம் 1832இல் உருவானது. ஆனால் அன்று ஆடியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் படைவீரர்களும் தோட்டத் துரைமார்களுமே. உள்நாட்டு மாணவர்களிடம் இவ்விளையாட்டை முறையாகக் கொண்டு சென்றதே வாக்கரின் பங்களிப்பாகும்.

1879இல் இவரது முயற்சியால் கொழும்பு அக்கடமிக்கும் (1881 முதல் றோயல் கல்லூரி) புனித தோமையார் கல்லூரிக்கும் இடையே போட்டி ஒன்று நடைபெற்றது. இரு அணிகளிலும் மாணவர்களுடன் ஆசிரியர்களும் ஆடினர், வாக்கரும் ஆடினார். 1880இல் மாணவர்கள் மட்டுமே களமிறங்கினர். இதனால் இத்தொடர் 1879இலிருந்து அல்லாமல் 1880இலிருந்தே கணக்கிடப்படுகிறது. போட்டி நடந்த காலிமுகத் திடலுக்கு மாணவர்கள் பேரை ஏரியைப் படகில் கடந்து சென்றனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தியாகும்.

றோயல்–தோமையன் போட்டி

இது "நீலங்களின் சமர்" எனப்படுகிறது. இரு கல்லூரிகளின் கொடிகளிலும் நீல நிறம் இருப்பதே இப்பெயருக்குக் காரணம். தொடர்ந்து நடைபெறும் பள்ளித் துடுப்பாட்டத் தொடர்களுள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1878இல் தொடங்கிய பிரின்ஸ் ஆல்பிரட்–புனித பீட்டர் கல்லூரிகளின் தொடருக்கு அடுத்து இதுவே பழமையானதாகக் கருதப்படுகிறது. வெற்றிபெறும் அணிக்கு இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க நினைவாகக் கேடயம் வழங்கப்படுகிறது. இவர் தோமையார் கல்லூரியின் பழைய மாணவர்.

1885ஆம் ஆண்டுப் போட்டி இன்றும் விவாதத்திற்குரியது. அதில் றோயல் அணி 9 ஓட்டங்களுக்கு அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. ஆட்டம் முழுமை பெறவில்லை. தோமையர்கள் இதைத் தமது வெற்றியாகவும், றோயல் தரப்பினர் வெற்றி தோல்வியற்ற ஆட்டமாகவும் பதிவு செய்கின்றனர்.

தாக்கம்

பள்ளிகளுக்கிடையேயான ஆண்டுப் போட்டி என்னும் வழக்கம் பின்னர் நாடெங்கும் பரவியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் புனித ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் "வடக்கின் பெரும் போர்" 1904இல் தொடங்கியது. இலங்கைக்கு 1981இல் தேர்வுத் தகுதி கிடைத்தது. 1982இல் கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் தேர்வுப் போட்டியில் ஆடியது. இலங்கையின் தேசிய வீரர்கள் பலர் இத்தகைய பள்ளிப் போட்டிகளின் வழியாகவே உருவாயினர்.