மலைவழிக் கற்படிகள்

டிசம்பர் மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெல்மதுளை விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவம் சிவனொளிபாத மலைக்கு எழுந்தருளுகின்றது. அம்மலை யாத்திரை மிகப் பழையது. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், யாத்திரிகரின் உணவுக்காகக் கிலிமலை என்னும் ஊரை அளித்தான்.

உணவளித்தல் அறமெனின், வழியைப் பேணுதலும் அறமே. மழைநீர் இணைப்பு வெடிப்பிற் புகுந்து அடிமண்ணை அரிப்பதால் படிக்கல் ஆடத் தொடங்கும். இருளில் ஏறும் முதியோர் அதில் இடறுவர். அக்கல்லைப் பெயர்த்து, அடிமண்ணைக் கெட்டித்து மட்டப்படுத்தி, மீண்டும் பதித்தல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்திட்ட பழைய இணைப்புக்கு அச்சாந்தே தக்கது. வன்மையான சீமெந்து நீரை உள்ளே அடைத்து, நாளடைவில் கல்லின் விளிம்பையே சிதைக்கும். மழை ஓய்ந்ததும் கற்களைச் சோதித்துச் செப்பனிடுவோர், விஜயபாகுவின் அறத்தையே தொடர்கின்றனர்.