வற்றிய ஆறும் வன்னிக் காய்ச்சலும்

இலக்கியத் தொடரொன்றில் நுளம்பைப் பற்றிப் பேச வந்திருப்பது நேயர்கள் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். தமிழகத்தார் கொசு என்று சொல்வதை நாங்கள் நுளம்பு என்கிறோம். எங்களூரில் கொசு என்றால் பழத்தை மொய்க்கும் சின்ன ஈ. பெயரிடுவதில் இத்தனை நுட்பம் காட்டிய நாங்கள், வரலாறு எழுதும்போது அந்தப் பூச்சியை மறந்துவிட்டோம். மன்னர்களுக்கும் பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த பாடநூல்களில், ஒரே மாரிகாலத்தில் பல்லாயிரம் பேரைக் கொன்ற காய்ச்சலுக்கு ஒரு பந்திதானும் கிடைத்ததில்லை.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே இந்நோயைத் தருகிறது என்று பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் என்ற இராணுவ வைத்தியர், நுளம்பொன்றின் வயிற்றைக் கீறி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். குற்றம் காற்றில் இல்லை, அதில் பறந்த அனோபிலிஸ் நுளம்பில் என்பது அதன் பின்னரே துலங்கியது. ஆயினும் பழைய நம்பிக்கை முற்றாகப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். சதுப்பு நிலத்தைச் சந்தேகித்தவர்கள் நீரைத்தான் சந்தேகித்தார்கள். இந்த நோயின் கதை, பூச்சியின் கதை என்பதைக் காட்டிலும் நீரின் கதையே.

இலங்கையில் இந்நோயைக் காவும் முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். 1920களில் இங்கு பணிபுரிந்த பூச்சியியலாளர் கார்ட்டரின் ஆய்வுகள் அதை அடையாளம் காட்டியிருந்தன. அது சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வெயில் படும், தெளிந்த, அசையாத நீரே அதற்கு வேண்டும். ஆற்று மணலில் தேங்கிய குட்டை, பாறைக்குழி, குளத்தின் வான்கதவுக்குக் கீழே நிற்கும் நீர் ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். ஏனைய நுளம்புகளின் குடம்பிகள் தலைகீழாகத் தொங்க, இதன் குடம்பி நீர்ப்பரப்புக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடக்கும். வேகமாக ஓடும் நீர் அதை அடித்துச் சென்றுவிடும்.

இதனால் இலங்கையின் உலர்வலயமும் ஈரவலயமும் இந்த நோயில் நேரெதிரான நடத்தை உடையனவாயின. வன்னியிலும் அனுராதபுரத்திலும் மழை பெய்த பின்னரே காய்ச்சல் வரும். வடகீழ்ப் பருவமழை குழிகளை நிரப்ப, மார்கழி, தையில் வீட்டுக்கு வீடு போர்வைக்குள் நடுங்குவார்கள். ஈரவலயத்திலோ மழை பெய்யும் வரைக்கும் பயமில்லை. ஆறு பெருகி ஓடும், குடம்பி நிலைக்காது. மழை பொய்த்தால்தான் அங்கே ஆபத்து.

1934இல் அது பொய்த்தது. தென்மேல் பருவமழை ஏமாற்ற, களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா ஆகியவற்றில் நீரோட்டம் நின்றுபோய், மணலுக்கும் பாறைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான குட்டைகள் எஞ்சின. ஆறு முழுவதுமே நுளம்புப் பண்ணை ஆயிற்று. ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் டிசெம்பரிலும் ஜனவரியிலும் உச்சத்தைத் தொட்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. அப்போது நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அதில் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

ஏன் இத்தனை சாவு? வன்னி விவசாயி சிறு வயதிலிருந்தே இந்நோயுடன் மல்லுக்கட்டி வளர்ந்தவன். வைத்தியர்கள் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியோரை எண்ணியே ஒரு பிரதேசத்தின் மலேரியாவை அளந்தார்கள். பிழைத்தவனின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலைக் கிராமத்தானுக்கு அது இல்லை. அதற்கு மேல், உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காயும் இறப்பரும் விலையிழந்து, வயிறு காய்ந்திருந்த காலம் அது. குயினைன் மாத்திரை கொடுத்தவர்கள் அதனோடு உணவும் கொடுக்கவேண்டியிருந்தது. பூவரசம்பூவின் பெயர் கொண்ட சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள், டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர், நிவாரணப் பணிக்கென அக்கிராமங்களுக்குச் சென்றனர். அவர்கள் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். 1936இல் அரசாங்க சபைத் தேர்தலில் காய்ச்சல் வாட்டிய ருவன்வெல்லைத் தொகுதியே என்.எம். பெரேராவைத் தெரிவுசெய்தது. இடதுசாரி இயக்கத்தின் பிறப்பை எழுதுவோர் மார்க்ஸையும் லண்டனையும் குறிப்பிடுவர். வற்றிய மகா ஓயாவையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்வது நியாயம்.

இங்கே ஒரு பழைய விவாதத்தையும் தொட்டுச் செல்ல விரும்புகிறேன். அனுராதபுரமும் பொலன்னறுவையும் ஏன் கைவிடப்பட்டன? லூசியஸ் நிக்கல்ஸ் என்ற வைத்தியர் 1921இல் மலேரியாவே அதற்குக் காரணமென எழுதினார். பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல் பதிப்பித்த ரஜரட்டை வீழ்ச்சி பற்றிய கட்டுரைத் தொகுப்பும் இக்கேள்வியையே சுற்றி வருவது. எனக்கு நிக்கல்ஸின் முடிவு தலைகீழாகப் படுகிறது. பராமரிக்கப்படும் குளத்தில் நீருக்கு ஒழுங்கான போக்கு உண்டு. கட்டு உடைந்து, வாய்க்கால் தூர்ந்து, நீர் குழிகுழியாகத் தேங்கும்போதே நுளம்பு பெருகுகிறது. மக்கள் போனார்கள், குளம் உடைந்தது, காய்ச்சல் வந்தது; பின் அவர்களைத் திரும்பி வரவிடாமல் தடுத்தது. லெனார்ட் வுல்ஃப் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அனுபவத்தை வைத்து 1913இல் வெளியிட்ட நாவலில், காடும் பசியும் காய்ச்சலும் ஒரு கிராமத்தைச் சிறுகச் சிறுக விழுங்குவதை வாசித்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வர்.

1945 வரை அரசாங்கத்தின் கையிலிருந்த ஆயுதங்கள் குயினைன், குட்டைகளில் ஊற்றிய எண்ணெய், மீன் ஆகியவையே. பின்னர் டி.டி.ரி. வந்தது. அதன் பின்னாலுள்ள தர்க்கம் அழகானது. இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாளாமல் அருகிலுள்ள சுவரில் இளைப்பாறும். சுவரில் மருந்து பூசியிருந்தால் அது அங்கேயே சாகும். நாட்டிலுள்ள நுளம்பு முழுவதையும் ஒழிக்கத் தேவையில்லை. அதன் உடலுக்குள் ஒட்டுண்ணி முதிர்வதற்கு 10 நாளுக்கு மேல் செல்லும். அதற்குமுன் நுளம்பு செத்தால் அதன் கடியில் நோயில்லை. ஆயுளில் சில நாட்களைக் குறைத்தாலே போதும் என்பதை 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் கணிதத்தால் நிறுவினார்.

1946இல் 1,000 பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 ஆகக் குறைந்தது. உணவுக்கும் வைத்தியசாலைகளுக்கும் இதில் பங்குண்டு என்று சனத்தொகை ஆய்வாளர் சிலர் வாதிடுவர். அது நியாயமான வாதமே. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை, 1963இல் வெறும் 17 ஆகியது. நாடு முழுவதிலும் 17 பேர்!

இந்தப் பதினேழுதான் எங்களைக் கெடுத்தது. பணம் மிச்சமாகுமென 1964இல் மருந்து தெளிப்பதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. நோயாளர் குறைந்தார்களே தவிர நுளம்பு எங்கும் போய்விடவில்லை. மழை குறைந்த 1967இன் பின்பகுதியில், சேனைப் பயிருக்கும் இரத்தினக்கல் அகழ்வுக்கும் காட்டுக்குள் போய்வந்தோர் நோயைக் காவித் திரிந்தனர். 1968இல் நான்கு இலட்சத்துக்கும் மேல், 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேல் நோயாளர். ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூலினாலேயே இலங்கை டி.டி.ரி.யைக் கைவிட்டு அழிந்தது என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். அது வெறுங்கதை. வெற்றி பெற்றுவிட்டோம் என்ற நினைப்பும் சிக்கனமுமே காரணங்கள். மீண்டும் டி.டி.ரி. தெளித்தபோது நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. 1970களின் பிற்பகுதியில் மலத்தியோன் வந்தது. மூக்கைத் துளைக்கும் அதன் நாற்றத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டியவர்களும் உண்டு.

1996இல் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் ஒரு குளக்கட்டின் கீழே கொட்டில் போட்டிருந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. ஒருநாள் விட்டு ஒருநாள், பின்னேரம் ஏறத்தாழ ஒரே நேரத்துக்குக் குளிர் பிடிக்கும். அம்மா சாக்கு, பாய், சேலை எல்லாவற்றையும் என்மேல் போட்டு அமத்திப் பிடிப்பார். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தம் கண்ணாடித் துண்டில் போய், குளோரோகுயின் மாத்திரையாகத் திரும்பி வந்தது. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 1999இல் இலங்கை முழுவதிலும் 264,549 நோயாளர் பதிவாகினர். அவர்களுள் பெரும்பகுதியினர் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தோர். இடம்பெயர்ந்தவனுக்கு மருந்து பூசச் சுவரில்லை என்பதே இதன் விளக்கத்தில் பாதி.

அதன்பின் நடந்தது வியப்பானது. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே மருந்து தெளிப்போரும் நடமாடும் இரத்தப் பரிசோதனைக் குழுக்களும் ஊர் ஊராகச் சென்றனர். மருந்தூட்டிய நுளம்பு வலைகள் பகிரப்பட்டன. நீரையும் சிலர் மறக்கவில்லை. 1990களில் ஹுருலு வாவிக்கு நீர் கொண்டுசெல்லும் யான் ஓயாவில் ஆய்வுசெய்தோர், நீர்மட்டத்தை உரிய அளவில் வைத்திருந்தால் குட்டைகள் தோன்றாமல் குலிசிபேசிஸைக் குறைக்கலாம் என்று காட்டினர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

அதே 2016இன் இறுதியில் மன்னார் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. இது இந்தியப் பட்டினங்களின் மலேரியா நுளம்பு. ஆறும் குளமும் இதற்குத் தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும். பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது காணப்பட்டது. பல பூச்சிகொல்லிகளைத் தாங்கும் திறனும் அதற்கு உண்டு. ஒட்டுண்ணிக்கும் வர வழி உண்டு. 2018இல் மொனராகலையில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் கொண்டுவந்த நோய் உள்ளூர் நுளம்பின் மூலம் இன்னொருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்து அடக்கினார்கள். ஆறில்லாத குடாநாடு கிணற்றை நம்பி வாழ்கிறது. வன்னிக்குப் போனால் காய்ச்சல் வரும் என்று பயந்த எங்கள் முன்னோர், முற்றத்துக் கிணற்றுக்குப் பயந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சுகாதாரப் பகுதியினர் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் பையிலிருந்த சிறு மீன்களை உள்ளே விட்டார்கள்.

"குடிக்கிற தண்ணிக்கை மீனை விடுறியளே, தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"மீன் நிண்டால் நுளம்பு நில்லாது, அம்மா. வாளியிலை அள்ளுப்பட்டால் திரும்ப உள்ளை விடுங்கோ."

அவர்கள் போன பிறகு அம்மா வாளியை வழக்கத்திலும் மெதுவாக இறக்கினார். தூக்கி, உள்ளே பார்த்துவிட்டே குடத்தில் ஊற்றினார்.